மேடையில் சொதப்புகிறதா? அறிகுறி ஓரிடம், பழுது வேறிடம்

வண்டியில் ‘கடகட’வென்று சத்தம் வருகிறது என்று சொன்னால், நல்ல மெக்கானிக் உடனே ஸ்பேனரைக் கையில் எடுப்பதில்லை. “எப்போ வருது? மேடு ஏறும்போதா, பிரேக் போடும்போதா?” என்று கேட்பார். சத்தம் கேட்கிற இடத்தில்தான் பழுதும் இருக்கும் என்று அவர் நம்பமாட்டார். மேடைப் பேச்சும் அப்படித்தான். குரல் சரியில்லை என்று வந்தவரைப் பேசவைத்துக் கேட்டால், பழுது அவர் எழுதிவைத்த வாக்கியத்தில் இருக்கும். பயமாக இருக்கிறது என்பவருக்கு முதல் வரி இன்னும் முடிவாகியிருக்காது. கூட்டம் சரியில்லை என்று குறைப்படுபவரிடம் “கூட்டத்திடம் என்ன கேட்டீர்கள்?” என்று கேட்டால் பதில் வராது.

நான் பேச்சாளன் இல்லை. வேலை நிமித்தம் அடிக்கடி பேச வேண்டியிருக்கிறது, நண்பர்களுக்கு ஒத்திகை பார்த்துக் கொடுக்கிறேன், அவ்வளவுதான். அதில் திரும்பத் திரும்பக் கண்ட கோளாறுகளைக் கீழே அறிகுறி வாரியாகப் போட்டிருக்கிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அங்கே நேராகப் போய்விடலாம். ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது.

எதையும் கழற்றுவதற்கு முன்: ஒரு பதிவு

செல்போனை எதிரே நிற்கவைத்து ஐந்து நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். அதை மூன்று முறை பாருங்கள். முதல் முறை போனைக் கவிழ்த்துவைத்து ஒலியை மட்டும் கேளுங்கள். இரண்டாம் முறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். மூன்றாம் முறை ஏதாவது ஒரு நிமிடத்தை, பேசியது பேசியபடியே, ‘ம்ம்’ ‘வந்து’ எல்லாவற்றோடும் காகிதத்தில் எழுதுங்கள். கொஞ்சம் கொடுமையான வேலைதான். நம் குரல் நமக்கே பிடிக்காது. மண்டை எலும்பு வழியாகவும் கேட்டுப் பழகிய குரல், காற்று வழியாக மட்டும் வரும்போது மெலிந்து அந்நியமாகத் தெரியும். அதைக் குறையென்று எழுதிவைக்காதீர்கள். மற்றவர்கள் இத்தனை நாளும் அந்தக் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தப் பதிவு இல்லாமல் கீழே உள்ள எதையும் முயல வேண்டாம். நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் காரணம் பாதிக்குப் பாதி தப்பாகத்தான் இருக்கும்.

“எழுந்ததும் கை நடுங்குகிறது, நாக்கு ஒட்டிக்கொள்கிறது”

முதலில் பார்க்க வேண்டியது: பதிவில் அந்த நடுக்கம் தெரிகிறதா?

பெரும்பாலும் தெரியாது. நம் நெஞ்சு அடித்துக்கொள்வது நமக்குப் பறையடிப்பதுபோலக் கேட்கும். மூன்றாவது வரிசையில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இரு உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்தார்கள். தங்கள் பதற்றம் எவ்வளவு வெளியே தெரிந்தது என்று பேசியவர்கள் நினைத்தார்களோ, கேட்டவர்கள் அதைவிடக் குறைவாகவே கண்டார்கள். இந்த உண்மையை முன்கூட்டியே சொல்லிவிட்டு மேடையேற்றியவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவும் பேசினார்கள். “என் பயம் எல்லோருக்கும் தெரிகிறது” என்ற நினைப்புத்தான் பயத்துக்குத் தீனி போடுகிறது.

தெரிகிறது என்றால், எங்கே தெரிகிறது என்று பாருங்கள். அநேகமாகக் கையில் இருக்கும் தாளில்தான். மெல்லிய ஏ4 தாள் சின்ன நடுக்கத்தையும் பெரிதாக்கிக் காட்டிவிடும். கெட்டி அட்டையில் குறிப்பெழுதிக்கொண்டால் பிரச்சினை அங்கேயே முடிந்தது. மைக்கை ஸ்டாண்டிலேயே விட்டுவிடுங்கள். வாய் உலர்வதும் உடம்பின் அதே அவசர ஏற்பாடுதான். ஆபத்து என்று நினைத்துவிட்ட உடம்பு எச்சில் சுரப்பைக் குறைத்துவிடுகிறது. ஒரு மிடறு தண்ணீர் போதும். ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

மூச்சுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான்கு எண்ணும்வரை இழுத்து, எட்டு எண்ணும்வரை விடுங்கள். விடும் மூச்சு நீண்டால் இதயத் துடிப்பு தணியும். ஆழமாக இழு, ஆழமாக இழு என்று எல்லோரும் சொல்கிறார்கள். இழுப்பதை மட்டும் செய்தால் தலை சுற்றும்.

இன்னொன்று. “பதறாதே, அமைதியாக இரு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது அவ்வளவாக வேலை செய்வதில்லை. ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பேசுவதற்கு முன் “எனக்கு உற்சாகமாக இருக்கிறது” என்று வாய்விட்டுச் சொன்னவர்களின் பேச்சு, “நான் அமைதியாக இருக்கிறேன்” என்று சொன்னவர்களின் பேச்சைவிடக் கேட்டவர்களை அதிகம் இணங்க வைத்ததாக மதிப்பிடப்பட்டது. யோசித்தால் நியாயமாகத்தான் படுகிறது. படபடக்கும் உடம்பை அடக்கி உட்காரவைப்பது கடினம். அந்தப் படபடப்புக்கு வேறு பெயர் சூட்டுவது சுலபம்.

“முதல் ஒரு நிமிடம் உளறுகிறேன், அப்புறம் தானாகச் சரியாகிவிடுகிறது”

இது பயம் அல்ல, முதல் வரி தயாராகாததுதான். முழுப் பேச்சையும் தயாரித்துவிட்டு, தொடக்கத்தை மட்டும் “அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று விட்டிருப்பீர்கள். அதனால் மேடையேறியதும் கைக்கு எட்டியதைப் பிடித்துக்கொள்கிறீர்கள்: “எனக்கு இந்த வாய்ப்பை அளித்த...”, “எனக்குப் பேச வராது, இருந்தாலும்...”, “நேரம் குறைவாக இருப்பதால்...”. கூட்டம் மிகவும் கவனமாக இருக்கும் அரை நிமிடத்தை இப்படி மன்னிப்பிலும் நன்றியிலும் கரைத்துவிடுகிறோம்.

முதல் இரண்டு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். பல் துலக்கும்போது, படி ஏறும்போது சொல்லிப்பாருங்கள். அவை சுருக்கமாகவும், நேரே விஷயத்துக்குள் இறங்குவதாகவும் இருக்க வேண்டும். “தீ விபத்துத் தடுப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்” என்பதைவிட “இந்த அறைக்கு இரண்டு கதவுகள். அதில் ஒன்று பூட்டியிருக்கிறது” என்று தொடங்கிப்பாருங்கள். எல்லாத் தலையும் கதவுப் பக்கம் திரும்பும். நன்றியை அதற்கப்புறம் சொன்னாலும் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

“நடுவில் எல்லாம் மறந்துபோகிறது”

இது எனக்கே நடந்தது. ஒரு பாராட்டுக் கூட்டம். நான்கு பக்கம் எழுதி, ஒரு வாரம் உருப்போட்டு வைத்திருந்தேன். எனக்கு முன்னால் பேசியவர் எழுந்தார். நான் தொடக்கமாக வைத்திருந்த அதே சம்பவத்தை, என்னைவிட நன்றாகவே சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நான் எழுந்தேன். முதல் பத்தியைத் தூக்கிவிட்டு இரண்டாவதில் தொடங்கலாம் என்று பார்த்தால், அது “இப்படிப்பட்ட மனிதர்...” என்று ஆரம்பிக்கிறது. எப்படிப்பட்ட மனிதர்? முதல் பத்தி இல்லாமல் அந்த வாக்கியத்துக்கு வாலும் இல்லை தலையும் இல்லை. அப்படியே நின்றேன். முன்வரிசையில் ஒருவர் சாக்லெட் தாளைப் பிரித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஒரு யுகம் கழிந்ததாக நினைத்தேன். பிறகு பதிவைப் பார்த்தால் ஏழு விநாடி.

அன்று பழுதானது ஞாபகம் அல்ல. வரிவரியாக உருப்போடும்போது ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறது. நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் மிச்சம் மொத்தமும் கிணற்றுக்குள் போய்விடும். எழுத்துநடையில் உருப்போட்டால் இன்னும் மோசம். “அதனைத் தொடர்ந்து”, “எனவேதான்” போன்ற சொற்கள் நாம் இயல்பாகப் பேசும்போது வாயில் வருவதில்லை. ஒன்று நழுவினால் பதிலுக்குப் போட வேறு சொல் கையில் இருக்காது.

பெரிய பேச்சாளர்களும் இதில் மாட்டியிருக்கிறார்கள். வின்ஸ்டன் சர்ச்சில் தன் 29ஆம் வயதில், 1904 ஏப்ரலில், பிரிட்டன் நாடாளுமன்றத்தில் மனப்பாடமாகப் பேசிக்கொண்டிருந்தபோது தொடர்பு அறுந்து, தடுமாறி, பேச்சை முடிக்காமலே உட்கார்ந்தார். அதன் பிறகு அவர் குறிப்பில்லாமல் பேச எழுவதில்லை. நான் சொல்ல வருவதும் அதுதான்: குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஆனால் முழு வாக்கியத்தைக் குறிப்பாக எழுதாதீர்கள். அட்டைக்கு ஓரிரு சொல்லில் ஐந்து குறிப்பு போதும். ‘பூட்டிய கதவு – சாவி யாரிடம் – போன வருடம் – இரண்டு வேண்டுகோள் – சாவி’. பதினைந்து நிமிடப் பேச்சுக்குக்கூட இது தாங்கும். ஒத்திகையில் ஒவ்வொரு முறையும் வேறு வாக்கியத்தில் சொல்லிப்பாருங்கள். அப்புறம் நடுவிலிருந்து தொடங்கியும் பேசிப்பாருங்கள். மூன்றாவது குறிப்பிலிருந்து ஆரம்பித்துப் பேச வருகிறது என்றால், இனி எங்கே அறுந்தாலும் கையில் பிடிமானம் இருக்கும்.

மேடையில் நிஜமாகவே அறுந்துவிட்டால்: கடைசியாகச் சொன்ன கருத்தை வேறு வார்த்தையில் மறுபடி சொல்லுங்கள். கூட்டம் அதை அழுத்திச் சொல்வதாக எடுத்துக்கொள்ளும், உங்களுக்கும் மூளை சுற்றிவர நேரம் கிடைக்கும். “மறந்துபோச்சு” என்று சிரித்துக்கொண்டே சொல்லி அட்டையைப் பார்த்தாலும் தவறில்லை. ஏழு விநாடிதானே.

“பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்கிறார்கள்”

இங்கே எல்லோரும் குரலைத்தான் குறை சொல்வார்கள். ஒலியை மட்டும் கேட்ட அந்தப் பதிவை மறுபடி போடுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் கவனியுங்கள்.

மூச்சு தீரத் தீரக் குரல் இறங்கும்; எந்த மொழியிலும் வாக்கியத்தின் கடைசி கொஞ்சம் மங்கும். தமிழில் இது கூடுதல் ஆபத்து. நம் மொழியில் வினைமுற்று கடைசியில் வருகிறது. உண்டா இல்லையா, முடியுமா முடியாதா, நடந்ததா நடக்கவில்லையா எல்லாம் அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. “இந்தத் திட்டத்தை நம்மால் இந்த ஆண்டுக்குள் முடிக்க மு...” என்று கேட்டுவிட்டு, பின்வரிசைக்காரர் பக்கத்து ஆளிடம் “முடியும்னாரா, முடியாதுன்னாரா?” என்று கேட்பார். அதோடு அடுத்த வாக்கியமும் போச்சு. நீங்கள் சத்தம் போட்டுத்தான் பேசினீர்கள், ஆனால் விஷயம் இருந்த சொல்லை விழுங்கிவிட்டீர்கள்.

சரிசெய்ய இரண்டு வேலை. ஒன்று, கடைசிச் சொல்லுக்கு மூச்சை மிச்சம் வையுங்கள். ஒத்திகையில் கடைசிச் சொல்லை வேண்டுமென்றே அழுத்திச் சொல்லிப் பழகினால் மேடையில் அளவாக வந்துவிடும். இரண்டு, வாக்கியத்தை வெட்டுங்கள். இது முக்கியமானது, ஒரு மாதிரி காட்டுகிறேன்.

நண்பர் ஒருவர் எழுதிவந்தது: “கடந்த மூன்று மாதங்களாகத் தொடர்ந்து வந்த புகார்களை ஆராய்ந்து அவற்றுள் பெரும்பாலானவை தாமதம் தொடர்பானவையே எனக் கண்டறிந்து அதற்கான காரணங்களை வரிசைப்படுத்திய நமது குழு இரண்டு மாற்றங்களைப் பரிந்துரைத்துள்ளது.”

கண்ணால் படிக்க இதில் பிழை இல்லை. காதால் கேட்பவரோ ஒவ்வொரு எச்சத்தையும் கையில் ஏந்திக்கொண்டு, வினைமுற்று எப்போது வரும், எங்கே இறக்கிவைக்கலாம் என்று காத்திருக்கிறார். படிப்பவர் திரும்பிப் போய்ப் பார்க்கலாம், கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. மாற்றியது:

“மூன்று மாதமாகப் புகார் வருகிறது. எல்லாவற்றையும் படித்தோம். பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: தாமதம். ஏன் தாமதம் என்று பார்த்தோம். இரண்டு விஷயத்தை மாற்றச் சொல்கிறோம்.”

மூச்சு இப்போது தானாகவே போதும். குரல் பயிற்சி எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

“மைக் ‘கொய்ங்’ என்று கத்துகிறது”

ஒலிபெருக்கியிலிருந்து வரும் சத்தத்தையே மைக் மறுபடி வாங்கி அனுப்புகிறது. ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்காதீர்கள், பின்னால் வாருங்கள். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கவே கூடாது. ஒரு பக்கத்துச் சத்தத்தை மட்டும் வாங்குமாறு செய்யப்பட்ட மைக் அப்போது எல்லாப் பக்கத்துச் சத்தத்தையும் வாங்கத் தொடங்கிவிடும். கத்துகிறதே என்று பயந்து மைக்கைத் தள்ளிப் பிடிப்பதும் தப்பு. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டித்தால் குரல் சுமார் 6 டெசிபல் குறைவாகப் போய்ச்சேரும். ஒலி பார்ப்பவர் அதை ஈடுகட்டச் சத்தத்தைக் கூட்டுவார், மறுபடி கொய்ங். நான்கு விரற்கடை தூரத்தில், வாய்க்கு நேராக இல்லாமல் சற்றே பக்கவாட்டில் வைத்துக்கொண்டால் ‘ப’ வரும்போது ‘புஃப்’ என்று வெடிப்பதும் நின்றுவிடும்.

“‘வந்து’, ‘அதாவது’, ‘பாத்தீங்கன்னா’ நிற்கவே மாட்டேன் என்கிறது”

எழுதிப் பார்த்த அந்த ஒரு நிமிடத்தில் எண்ணுங்கள். நான்கைந்து இருந்தால் விட்டுத்தள்ளுங்கள், மனிதர்கள் அப்படித்தான் பேசுவார்கள். பதினைந்துக்கு மேல் போனால் கேட்பவர் விஷயத்தை விட்டுவிட்டு அதை எண்ணத் தொடங்கிவிடுவார்.

எங்கே வருகிறது என்றும் பாருங்கள். வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால், அடுத்து என்ன என்று யோசிக்கிறீர்கள். அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு யோசியுங்கள், அது போதும். மௌனம் நமக்குத்தான் நீளமாகத் தெரிகிறது. வாக்கியத்தின் நடுவில், ஒரு பெயருக்கோ எண்ணுக்கோ முன்னால் வந்தால், அந்த விவரம் உங்களுக்கு உறுதியாகத் தெரியவில்லை. அதைச் சரிபார்த்துவிட்டால் ‘வந்து’வும் போய்விடும்.

“நேரம் போதவே இல்லை”

பேச்சு நீளமாக இருக்கிறது, வேறென்ன. நிமிடத்துக்கு 130, 150 சொல் என்று எங்காவது படித்துக் கணக்குப் போட்டிருப்பீர்கள். அது ஆங்கிலத்துக்கான கணக்கு. ‘போகவேண்டியிருந்ததால்’ என்பது நமக்கு ஒரே சொல். சத்தமாக வாசித்து உங்கள் வேகத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள். எனக்கு நிமிடத்துக்கு 95 சொல்லுக்குப் பக்கத்தில் வருகிறது. பத்து நிமிடம் தந்தால் எட்டு நிமிடத்துக்குத் தயாரியுங்கள். கூட்டம் சிரிக்கும், மைக் கத்தும், யாராவது தாமதமாக வந்து நாற்காலி இழுப்பார்கள்.

வேகமாகப் பேசிச் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒரு பகுதியை முழுதாகத் தூக்கிவிடுங்கள். என்ன தூக்கினீர்கள் என்று உங்களைத் தவிர யாருக்கும் தெரியப்போவதில்லை.

“பாதியிலேயே செல்போனை எடுத்துவிடுகிறார்கள்”

சத்தமில்லாத படத்தைப் பாருங்கள். நீங்கள் திரையைப் பார்த்து ஸ்லைடை வாசித்துக்கொண்டிருந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டாம். அவர்களே உங்களைவிட வேகமாக வாசித்துவிட்டு வேறு வேலை பார்க்கிறார்கள். ஸ்லைடில் நீங்கள் சொல்லும் வாக்கியம் இருக்கக் கூடாது, சொல்லிக் காட்ட முடியாதது மட்டும் இருக்க வேண்டும்: படம், வரைபடம், ஒரு பெரிய எண்.

அப்படியும் இல்லை என்றால், பழுது பெரும்பாலும் இதுதான்: உங்கள் தலைக்குள் ஓடும் பாட்டு அவர்களுக்குக் கேட்கவில்லை. 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் ஒரு சோதனை செய்தார். எல்லோருக்கும் தெரிந்த பாட்டின் தாளத்தை ஒருவர் மேசையில் தட்ட, எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்று. தட்டுபவருக்கு மனதுக்குள் முழுப் பாட்டும் இசையோடு ஓடுகிறது. எதிரில் இருப்பவருக்கு ‘டொக் டொக்’ மட்டும்தான். துறை அறிந்தவர் பேச்சு சலிப்பதற்கு இதுதான் காரணம். “ஒருங்கிணைந்த அணுகுமுறை” என்று சொல்லும்போது உங்களுக்குள் பத்து சம்பவம் ஓடும், கேட்பவருக்கு இரண்டு சொல்தான் வந்துசேரும்.

மருந்து: பொதுச்சொல் வரும் இடமெல்லாம் ஓர் ஆள், ஓர் இடம், ஒரு பொருள் கொண்டுவாருங்கள். பேச்சை எழுதியதும், அந்தத் துறை தெரியாத ஒருவரிடம் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டு, “நான் என்ன சொன்னேன்?” என்று கேளுங்கள். “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள், புரிந்தது என்றுதான் சொல்வார்கள்.

போகிற போக்கில் ஒன்று. பேச்சில் சொல்லுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55 என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லுவார்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் அவை. தனித்தனிச் சொற்களை வெவ்வேறு தொனியில், வெவ்வேறு முகபாவத்தோடு காட்டி, பேசுபவருக்கு நம்மைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்ற உணர்ச்சியை எதைவைத்துக் கணிக்கிறோம் என்று பார்த்த சோதனை. முழுப் பேச்சுக்கும் அதைப் பொருத்தக் கூடாது என்று மெஹ்ராபியனே சொல்லியிருக்கிறார். கையை எப்படி ஆட்டுவது என்று கவலைப்படும் நேரத்தில் நல்ல உதாரணம் ஒன்று தேடுங்கள்.

“பிரமாதமாகப் பேசினீர்கள் என்கிறார்கள். ஆனால் ஒன்றும் நடப்பதில்லை”

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு இது. இங்கே அறிகுறியே கைதட்டல் என்பதால் பலருக்குத் தங்களுக்கு இது இருப்பதே தெரியாது.

தெரிந்தவர் ஒருவர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூட்டத்தில் பழைய லிஃப்டை மாற்ற வேண்டும் என்று பேசினார். இருபது நிமிடம். லிஃப்டின் வயது, புதிய மோட்டார் எப்படி வேலை செய்யும், மின்சாரம் எவ்வளவு மிச்சம் எல்லாம் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள், கை தட்டினார்கள். முடிவு: அடுத்த கூட்டத்தில் பேசலாம். அடுத்த கூட்டத்திலும் அதேதான். பதிவு இருந்தது, உட்கார்ந்து கேட்டோம்.

முதல் சோதனை: கடைசியில் என்ன கேட்டார்? “எல்லோரும் இதைப் பற்றிச் சிந்திக்க வேண்டும்” என்று முடித்திருந்தார். சிந்தித்துவிட்டார்கள், வீட்டுக்குப் போய்விட்டார்கள். யார், எதை, எப்போது செய்ய வேண்டும் என்று ஒரு வரியில் எழுத முடியவில்லை என்றால் அது வேண்டுகோள் ஆகாது. மாற்றி எழுதியது: “மூன்று நிறுவனங்களிடம் விலைப்பட்டியல் வாங்க இன்று ஒப்புதல் தாருங்கள். இன்றைக்கு அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.” கை தூக்கச் சொல்லக்கூடிய அளவுக்குச் சின்னது. லிஃப்டையே மாற்றச் சொன்னபோது தயங்கியவர்கள் இதற்குத் தயங்கக் காரணம் இல்லை.

இரண்டாவது: எதிர்ப்பு எங்கே இருக்கிறது? கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் மனதில் ஒரே கேள்விதான்: “நான் லிஃப்டில் ஏறுவதே இல்லை, நான் ஏன் காசு தர வேண்டும்?” யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, அவரும் அதைத் தொடவில்லை. கிளப்பாமல் விட்டால் அமுங்கிவிடும் என்று நினைத்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவ வீரர்களிடையே கார்ல் ஹோவ்லண்டும் உடனிருந்தவர்களும் செய்து 1949இல் வெளியிட்ட ஆய்வு நேர்மாறாகச் சொல்கிறது. ஏற்கெனவே எதிர்க்கருத்து உள்ளவர்களிடம் ஒரு பக்கத்தை மட்டும் சொல்வதைவிட, அவர்கள் பக்கத்தையும் எடுத்துச் சொல்லிவிட்டு நம் வாதத்தை வைப்பதுதான் அதிகம் எடுபட்டது. அதனால் மறுப்பை நாமே முதலில் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தோம். அதையும் நியாயமாக, அவர்கள் சொல்வதைவிட நன்றாகச் சொல்ல வேண்டும். கேலியாகச் சொன்னால் கதை கந்தல்.

மூன்றாவதுதான் உண்மையான பழுது. வற்புறுத்திப் பேசுவதற்கு மூன்று வழி உண்டு என்று அரிஸ்டாட்டில் வகுத்தார்: பேசுபவர்மேல் உள்ள நம்பிக்கை, கேட்பவரின் மனநிலை, வாதம். நம்மவர் இருபது நிமிடமும் மூன்றாவதிலேயே நின்றார். அவர் ஐந்தாம் மாடியில் இருக்கிறார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அவர் மட்டும் அதைச் சொல்லாமல் பொது நன்மை பேசினார். ஒவ்வொரு புள்ளிவிவரத்துக்கும் பின்னால் “உனக்கு ஏறக் கஷ்டம், அதுக்கு இவ்வளவு பேச்சா” என்று கூட்டம் நினைத்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் முறை இப்படித் தொடங்கினார்: “நான் ஐந்தாம் மாடி. இதில் எனக்குச் சுயநலம் இருக்கிறது, மறைக்கவில்லை. கீழ்வீட்டில் இருந்தால் நானும் ‘எனக்கு எதற்கு லிஃப்ட்’ என்றுதான் கேட்பேன். அதற்குப் பதில் சொல்லிவிட்டு ஒரே ஒரு ஒப்புதல் கேட்கிறேன்.” மோட்டார் விவரம் முழுக்கப் போய்விட்டது. அந்த இடத்தில், நாற்பது நிமிடம் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு பெரியவரைப் பற்றிச் சொன்னார். அவர் மேல்மாடிக்காரர் அல்ல, கீழ்வீட்டுக்கு வந்த விருந்தாளி. மொட்டைமாடியைப் பார்க்கப் போனவர். மொத்தம் ஆறு நிமிடம். இந்த முறை கைதட்டல் குறைவுதான். ஒப்புதல் கிடைத்தது.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெரியவர் நிஜமாகவே மாட்டிக்கொண்டார், சொல்வதற்கு முன் அவரிடம் அனுமதியும் வாங்கினோம். உருக்கமாக இருக்கட்டுமே என்று சம்பவத்தைப் புனைந்தால் என்றாவது ஒருநாள் யாராவது கேட்பார்கள். அன்று போகும் நம்பிக்கையை எந்த உத்தியாலும் திரும்ப வாங்க முடியாது.

“கேள்வி கேட்டால் திணறுகிறேன்”

கேள்வி முடியும் முன்பே மனதுக்குள் பதில் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறீர்கள், அதனால் கேள்வியின் கடைசிப் பகுதி காதில் விழுவதில்லை. தமிழில் கடைசிப் பகுதியில்தான் கேள்வியே இருக்கிறது. முழுதாகக் கேளுங்கள். கேட்டதை உங்கள் வார்த்தையில் கூட்டத்துக்குத் திருப்பிச் சொல்லுங்கள். மற்றவர்களுக்கும் கேட்கும், உங்களுக்கும் நேரம் கிடைக்கும். தெரியாது என்றால் “தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்” என்று சொல்லிவிட்டு நிஜமாகவே பார்த்துச் சொல்லுங்கள். சிலர் கேள்வி என்ற பெயரில் சொற்பொழிவு நடத்துவார்கள். அவர்கள் மூச்சு வாங்கும்போது “உங்கள் கருத்தைக் குறித்துக்கொண்டேன்” என்று சொல்லி, பார்வையை அடுத்தவர்மேல் திருப்பிவிடுங்கள். பார்வை விலகினால் பேச்சு அடங்கும்.

“முடிக்கத் தெரியவில்லை”

‘இறுதியாக’ என்ற சொல் பதிவில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் கடைசி வரி தயாரில்லை. முதல் வரியைப் போலவே அதையும் மனப்பாடம் செய்யுங்கள். தொடக்கத்தில் பூட்டிய கதவைக் காட்டியிருந்தால், கடைசியில் சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டு உட்காருங்கள். நன்றி சொல்லிக்கொண்டே மேடையை விட்டு இறங்காதீர்கள். சொல்லி முடித்து, ஒரு நொடி நின்று, அப்புறம் இறங்குங்கள்.

இவை எதிலும் அடங்காவிட்டால்

தொண்டை கரகரப்பு மூன்று நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால், கஷாயத்தையும் பயிற்சியையும் நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். திக்குவாய்க்குப் பேச்சுப் பயிற்சி நிபுணர்கள் இருக்கிறார்கள். மேடைத் தந்திரங்களால் அதை மூடி மறைக்க முயன்றால் பேசுவது இன்னும் கடினமாகும். கூட்டம் இன்னும் ஒரு மாதம் தள்ளி இருக்கும்போதே தூக்கம் கெட்டு, பேச வேண்டியிருக்கும் என்பதற்காகவே நல்ல வாய்ப்புகளை விட்டுக்கொண்டிருந்தால் மனநல ஆலோசகரிடம் போக வேண்டிய நேரம். அதற்கும் தேர்ந்த சிகிச்சை உண்டு. அங்கே போகும்போது அந்த ஐந்து நிமிடப் பதிவையும் கையோடு எடுத்துப்போங்கள்.